சுடாத கால்

புண் ஆறிவிட்டது. கோபம்தான் இன்னும் ஆறவில்லை. வலது காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு தழும்பு கோணலாக ஓடுகிறது. தையல்காரி நான் சொல்கிறேன், கிழிந்த பாவாடையைக்கூட நான் அதைவிட நேராகத் தைப்பேன்.

கடைக்கு வருகிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் தங்களுக்குத் தெரிந்த ஒரு காரணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி திருஷ்டி என்றாள். ஒருத்தி ரேஷன் அரிசி என்றாள். அதனால் நடந்ததை ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

திருத்தணியில் மலைக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். பாவாடை கட்டிய காலத்தில் பாவா என்று கூப்பிட்டது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கே.ஜி.கண்டிகை பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அக்கா பேபி அண்ணி பள்ளிப்பட்டில் இருக்கிறாள். வீட்டோடு தறி, வாயோடு ஊர். வருடா வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாளே வந்து, எங்கள் வீட்டிலிருந்து என்னோடு காவடி எடுத்து மலையேறுவாள்.

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை போடுவேன், மறப்பேன், மறுபடி போடுவேன். ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற வியாதிதானே என்ற நினைப்பு. கொஞ்ச காலமாகவே பாதம் மதமதவென்று இருந்தது. தரையில் நடந்தால் பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கும். நாள் முழுக்க மிஷின் மிதிக்கிற கால், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் தாங்கவில்லை. காலையில் வரிசையில் நின்றவர்கள் படியில் கால் வைக்கும்போது உச்சி வெயில். கல்லெல்லாம் தோசைக்கல்லாகக் கிடந்தது. சனங்கள் குதித்துக் குதித்து ஏறினார்கள். ஓரமாக ஈரத்துணி எங்கே கிடக்கிறது என்று தேடித் தேடிக் கால் வைத்தார்கள். பேபி அண்ணி, அம்மா அப்பா என்று அலறிக்கொண்டு வந்தாள். நான் மட்டும் பூக்காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அரோகரா என்று சத்தம் போட்டாள். பக்கத்தில் வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், முகம்கூடத் தெரியாது, படியிலேயே குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கௌரி மேல முருகன் நிக்கிறான்" என்று அண்ணி சொல்லிக்கொண்டே ஏறினாள். எனக்கும் மனசு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருட விரதத்துக்கு அவன் இரங்கிவிட்டான் என்று நம்பினேன். இதை எழுதும்போது அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்குப் பாதம் வெந்துபோயிருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் கட்டி, உடைந்து, மண் போய், சீழ் பிடித்து, இவ்வளவும் நடந்திருக்கிறது. நான் தினமும் அந்தக் காலால் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன்.

கடையில் நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. ரவிக்கை வாங்க வந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கேயோ எலி செத்திருக்கிறது பாருங்கள் என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெட்டுத் துணி மூட்டையை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். பீரோவை நகர்த்தினேன். பினாயில் ஊற்றிக் கழுவினேன். எலி இல்லை. சாயங்காலம் வந்த பாவா, தானும் தேடுகிறேன் என்று மிஷினுக்கு அடியில் குனிந்தார். எழுந்திருக்கவே இல்லை. பெடலில் ஈரமாக ஏதோ ஒட்டியிருப்பதை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு என் காலைத் தூக்கிப் பார்த்தார். "கௌரி, இன்னா இது" என்றார்.

செத்த எலி என் காலில்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள், சரியாகிவிடும் என்றார்கள். கால் கெண்டைவரை வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகு, இங்கே பார்க்க முடியாது, சென்னைக்குப் போங்கள் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வாய் வலிக்குமா? பாவா ஆட்டோவிலேயே என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை மெதுவாக்கி, வலிக்குதா என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். வலிக்கவில்லை என்றேன். வலிக்காததுதான் வியாதி என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் உட்கார்ந்திருப்பது. சீட்டு வாங்க ஒரு பெஞ்சு, ரத்தம் கொடுக்க ஒரு பெஞ்சு, எக்ஸ்ரேவுக்கு ஒரு பெஞ்சு. பாவா வெளியே போய் டீ வாங்கி வருவார். டீயில் சர்க்கரை இல்லாமல் சொல்ல மறந்துவிட்டு, அதைத் தானே குடித்துவிட்டு, மறுபடி போவார். காலைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். சீட்டு எழுதுகிறவர் கேட்டார். சக்கர நாற்காலி தள்ளுகிறவர் கேட்டார். நர்ஸ் கேட்டாள். "ஏம்மா, இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?" எக்ஸ்ரே எடுக்கிறவரும் அதையே கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். உங்களுக்குக் கால் சுட்டால் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தானே இங்கே வந்தேன் என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ரொம்ப மரியாதையாகக் காலைத் திருப்பி வைத்தார்.

என்னைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். என் கடைக்கு வந்திருந்தால் வாடி போடி என்றுதான் பேசியிருப்பேன். அவள் என்னைப் படுக்கவைத்து, கையில் ஒரு சின்னப் பிடி எடுத்தாள். அதன் நுனியில் ஒரு நைலான் நரம்பு. ரவிக்கைக் கையில் மணி கோக்க நான் வைத்திருக்கிறேனே, பார்க்க அதேபோல் இருந்தது.

"கண்ண மூடிக்குங்கம்மா. நான் கால்ல தொடும்போது ஆங் சொல்லுங்க" என்றாள்.

மூடிக்கொண்டேன். எங்கேயோ டிராலி உருளுகிற சத்தம். யாரோ இருமினார்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். இவள் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே, தொடுங்க டாக்டர் என்றேன். அவள் கண்ணைத் திறக்கச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற பாவா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"ரெண்டு பாதத்துலயும் எல்லா எடத்துலயும் தொட்டுட்டேம்மா" என்றாள் அந்தப் பெண்.

பிறகு அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அந்த ஒரு புண்ணியம் அவளுக்கு உண்டு. சர்க்கரை ரத்தத்தில் அதிகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் நரம்பை அரித்துவிடும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போகிறது, அதனால் நுனியில், பாதத்தில்தான் முதலில் சாகும். தெருக்கோடி வீட்டுக்குக் கரண்டு வராத மாதிரி. சூடு தெரியாது, முள் தெரியாது, புண் தெரியாது. சூடு தெரியாமல் போனால் கால் தப்பித்தது என்று அர்த்தமில்லை. கத்துகிற வாய் போய்விட்டது, அவ்வளவுதான்.

படியில் எனக்குச் சுடாததன் காரணம் அதுதான். முருகனும் இல்லை, விரதமும் இல்லை. ஒரு பெண் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டது செத்த நரம்பை.

எக்ஸ்ரேயில் புண் எலும்புவரை போய்விட்டது தெரிந்தது. கட்டைவிரல் எலும்பு அரித்திருந்தது, பக்கத்து விரலும் கெட்டிருந்தது. காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று ஒரு மிஷினை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஓடுகிற ரத்தத்தின் சத்தம் புஸ் புஸ் என்று வெளியே கேட்கிறது. அது நன்றாக இருந்தது. அதனால் விரல் இரண்டையும் எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். தள்ளிப்போட்டால் சீழ் மேலே ஏறும், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும்.

முடியாது என்றேன். விரல் இல்லாமல் எப்படி மிஷின் மிதிப்பது, எப்படிப் படி ஏறுவது? மருந்து கொடுங்கள், ஊசி போடுங்கள், விரலில் கை வைக்காதீர்கள் என்று அழுதேன், திட்டினேன். தலைமாட்டில் பாவா வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். உன் மலையேறத்தானேடா வந்தேன், உனக்குப் பூ சுமந்துதானே வந்தேன், கொஞ்சம் சுடக்கூடாதா உனக்கு என்று மனசுக்குள் முருகனைக் கேட்டேன். அவனிடம் நான் அதற்குமுன் சண்டை போட்டதே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் திருவாலங்காட்டு அம்மா ஒருவர் இருந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். போர்வைக்கு அடியில் ஒரு கால் முட்டியோடு முடிந்துவிடும். நான் போட்ட கூச்சலை எல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலை இல்லாத வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர், டாக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெரல்னு கேக்கறாங்களா? குடுத்துடு. பேரம் பேசாத. நான் பேசினேன்."

மறுநாள் விரல்களைக் கொடுத்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். என் காலுக்கு அந்த ஊசியே வேண்டியதில்லையே என்று தோன்றியது. பிறகு தினமும் கட்டுப் பிரிப்பார்கள். செத்த சதையைச் சீவி எடுத்துவிட்டு, நல்ல சதை சிவப்பாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் நல்லதாம். பாவா கூடவே நின்று பார்ப்பார். ஆட்டோ டயரில் ஆணி ஏறினாலே முகம் சுளிக்கிற மனிதர், நல்லா செவப்பா இருக்குது கௌரி என்று என்னிடம் சொல்லுவார். சாப்பாட்டு நேரத்தில் மோர் எடுத்து வந்து, நான் குடிக்கிறவரை தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குக் கையில் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாலும் விடமாட்டார்.

பார்க்க வந்தவர்கள்தான் என்னைக் கொன்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லாத ஆளில்லை. போனது என் விரல், உன் தலைப்பாகை இல்லை என்று ஒருவரிடம் சொல்லியும் விட்டேன். கடைசியாகப் பேபி அண்ணி வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"வெரதத்துல இன்னாமோ கொற வெச்சிட்ட கௌரி. அவன் சும்மா விடுவானா?"

"அண்ணி, மலையில அருள்னு சொன்ன வாயா இது?" என்றேன்.

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அருள் கொடுத்தவனே சோதிப்பானாம். தீட்டுப் பட்ட வீட்டில் தண்ணி குடித்தாயா, காவடிப் பூவை முகர்ந்து பார்த்தாயா என்று வரிசையாகக் கேட்டாள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்பார்களே, அது அன்றைக்கு என் தலைமாட்டில் உட்கார்ந்து பேசியது. பாவா, உங்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவள் போனதும் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திருவாலங்காட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணியோடு நான் பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சின்ன டாக்டர் எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள். இனி ஆயுசுக்கும் வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக்கூடாது. தெருவில் மட்டுமில்லை, வீட்டுக்குள்ளும், அடுப்படியிலும், குளியலறையிலும். இந்த மாதிரி இன்னொரு புண் வந்தால் பாதம் போகும், இன்னொரு காலும் இதே நிலைமையில்தான் இருக்கிறது. அடியில் மெத்தென்று கறுப்பு ரப்பர் வைத்த செருப்பு ஒன்று அளவெடுத்துக் கொடுத்தார்கள். தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னாள். நரம்புதான் சொல்லாது, கண்ணாவது சொல்லட்டும் என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதா? என் கடை வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்த எத்தனை பேரை நான் விரட்டியிருக்கிறேன். மிஷின் எனக்குச் சரஸ்வதி. ஆயுத பூசைக்குப் பெடலுக்கும் சேர்த்துத்தான் பொட்டு வைப்பேன். சுவரில் முருகன் படம் இருக்கிறது. சண்டை போட்டால்தான் என்ன, அவன் முன்னால் செருப்போடு நிற்க முடியுமா? வந்த அன்றைக்கே செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். எனக்கு அந்த டாக்டர் மேலும், ரப்பர் மேலும், கால் மேலும் ஒரே ஆத்திரம்.

பாவா வாசலுக்குப் போய்த் தன்னுடைய செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். திருத்தணி பஸ் ஸ்டாண்டு சேறெல்லாம் அதில் ஒட்டியிருந்தது. அடுப்படிக்குள் போனார். தண்ணீர் மொண்டு குடித்தார். முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்று விபூதி எடுத்தார்.

"பாவா, செருப்பக் கழட்டுங்க" என்று கத்தினேன்.

"நீ போடற வரிக்கும் கழட்ட மாட்டேன்" என்றார்.

சாப்பிடவும் அதோடுதான் உட்கார்ந்தார். தட்டுக்குப் பக்கத்தில் சேறு. எனக்கு வந்த கோபத்தில் எழுந்துபோய் என் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். அவர் தன்னுடையதைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, துடைப்பம் எடுத்துத் தரையைப் பெருக்கினார். அன்றையிலிருந்து போட்டிருக்கிறேன். மிஷினுக்கு மோட்டார் வைத்துக்கொண்டேன். செருப்புக் காலால் லேசாக அழுத்தினால் ஓடுகிறது. அது போடுகிற இரைச்சல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் வேலை நடக்கிறது.

ஆடி மறுபடி வந்தது. மலைக்குப் போவதில்லை என்று இருந்தேன். மோட்டார் ஓடும்போதும் காதில் அரோகரா சத்தம் விழுந்துகொண்டிருந்தது. சண்டைக்காரன் வீடாக இருந்தாலும், தெருமுனையிலேயே இருந்தால் எத்தனை நாள் போகாமல் இருப்பது? கோயிலுக்குள் போவதானால் தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டு கல் சுடாத நேரத்தில் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கடை சாக்ஸ் தழும்பை அழுத்தியது. சரி, எனக்குத் தெரிந்தது தையல்தானே என்று, அளவு குறைக்க வந்த ஜீன்ஸ் பேண்ட்டின் மிச்சத் துணியை எடுத்து, உள்ளே ரவிக்கைக்கு வைக்கிற ஸ்பாஞ்சை இரண்டு மடிப்பாக வைத்து, காலுக்கு உறை தைத்தேன். விரல் இல்லாத இடத்தில் பஞ்சு அடைத்தேன். முருகன் சன்னிதிக்கு ரவிக்கைப் பஞ்சிலா போகிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. படியில் இல்லை, ஆட்டோவில், மலை ரோடு வழியாக, விடிகாலையில் போவது என்று பாவாவும் நானும் பேசிக்கொண்டோம்.

கிருத்திகைக்கு முதல் நாள் காலை பேபி அண்ணி வந்து நின்றாள், கையில் காவடியோடு. ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தாள். காவடி எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவது வழக்கம், வழக்கத்தோடு சண்டை போட முடியாதாம். என் கால் உறையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செருப்பாட்டம் இன்னாத்தையோ மாட்டிக்கினு சாமிகிட்ட போவப் போறியா? பங்குனியில நான் உச்சி வெயில்ல ஏறினேன். எனக்கு சுடவே இல்ல தெரியுமா? உன்கிட்ட இருந்த அருளு இப்ப எங்கிட்ட வந்துட்டுது."

சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

உங்களுக்குச் சுகர் இருக்கிறதா அண்ணி என்று கேட்டேன். லேசாக இருக்கிறதாம், பாகற்காய் சாறு குடிக்கிறாளாம். பாதம் மதமதவென்று இருக்கிறதா என்று கேட்டேன். தறியில் நின்றால் அப்படித்தான் இருக்கும் என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்ட ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்க என் நாக்கு துடித்தது. பூவை முகர்ந்தாயா, தீட்டு வீட்டில் தண்ணி குடித்தாயா? நன்றாக வேண்டும் உனக்கு என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பாவா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

மேசை டிராயரைத் திறந்து மணி கோக்கிற நரம்பில் ஒரு துண்டு வெட்டினேன். செருப்புக் காலோடு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"கண்ண மூடுங்க அண்ணி. நான் தொடும்போது ஆங் சொல்லுங்க."

இது என்ன விளையாட்டு என்று முனகிக்கொண்டு மூடினாள். முழங்காலில் தொட்டேன். ஆங் என்றாள். கெண்டையில் தொட்டேன். ஆங் என்றாள். கணுக்காலைத் தாண்டிக் கீழே இறங்கினேன். குதிகாலில் தொட்டேன். பக்கவாட்டில் தொட்டேன். உள்ளங்காலில் நரம்பு வளைந்து நிற்கிறவரை அழுத்தினேன்.

"காவடிக்கு பூ கட்டற வேல கெடக்குது, சீக்கிரம் தொடேன்டி" என்றாள் கண்ணை மூடியபடியே.

என் கோபம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அவள் மேல் இல்லை.

"கண்ணத் தொறக்காதீங்க. கொஞ்சம் இருங்க" என்றேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, கால் உறைக்கு அவள் பாதத்தைச் சுற்றி அளவெடுத்தேன். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.